கடைசி இரண்டு அதிகாரங்கள்

இந்த ஸ்டேஷனில் மை சரியில்லை. தண்ணீர் கலந்திருக்கிறார்கள். உங்கள் ரைட்டர் பேனாவை உதறி உதறி என் வேட்டியில் நாலு பொட்டு விழுந்துவிட்டது. நானே எழுதித் தருகிறேன் என்று காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது அதனால்தான். இருபத்தெட்டு வருஷம் பிறத்தியார் எழுதியதில் சிவப்புக் கோடு போட்டவன் நான். என்னுடைய வாக்குமூலத்தில் இன்னொருவர் பிழை விடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியாது.

தமிழில்தான் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் வாக்கியம் நன்றாக வந்துவிடும். வந்துவிட்டால், அதைக் காப்பாற்றுவதற்காக விஷயத்தை மாற்றிவிடுவேன். அந்த வியாதி எனக்கு உண்டு.

சப்-இன்ஸ்பெக்டர் துரைப்பாண்டி, நீ என்னிடம் படித்தவன். நாற்பத்துமூன்றாம் வருஷத்து செட்; மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம். "நீங்கள்" என்று இரண்டு தடவை ஆரம்பித்துப் பார்த்தேன், கை வரவில்லை. மன்னித்துக்கொள்.

உன் கேள்வி இரண்டு. எங்கள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியார் கோமதிநாயகம் வெறிநாய்க்கடியில் செத்துப்போவதற்கு ஐந்து வாரத்துக்கு முன்னால், அவன் பேருக்குக் குன்னூரிலிருந்து தந்தி ஒன்று வந்ததா? வந்திருந்தால் அது எங்கே போயிற்று?

வந்தது. எங்கே போயிற்று என்பதைச் சொல்ல வேண்டுமானால் ராட்வெல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ராட்வெல்லை நீ மறந்திருக்க மாட்டாய். நீங்களெல்லாம் "ராட்டுவேலு அண்ணாச்சி" என்று சொல்லிச் சிரிப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். சிக்ஸ்த் ஃபாரம் துணைப்பாடத்தில் வரும் பண்ணைக் காரியஸ்தர். இளைய எஜமான் ஊர் திரும்பினால் தன் உத்தியோகமும் வீடும் போய்விடும் என்று தெரிந்தவர். ஓடையின் மேலே மரப்பாலம் உளுத்துப்போயிருப்பதும் அவருக்குத்தான் தெரியும். மழைச் சாயங்காலம். இளைய எஜமான் குதிரையில் வருகிறான். ராட்வெல் பாலத்துத் தலைமாட்டில் நிற்கிறார். தொப்பியைத் தூக்கி மரியாதை செய்கிறார். பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவுதான்.

இங்கிலீஷ்காரன் எழுதிய பழைய நாவல்களில் கெட்டவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கத்தி எடுத்தவன், விஷம் வைத்தவன், உயிலைக் கிழித்தவன். அவர்களைப் பற்றி எந்த வாத்தியாரும் ஒரு பக்கம் நோட்ஸ் கொடுத்துவிடலாம். ஒன்றுமே செய்யாமல் நின்றவனைப் பற்றி நோட்ஸ் கொடுக்கத்தான் ஆள் வேண்டும். நான் கொடுத்தேன். "ராட்வெல் தள்ளவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவே. அவர் கெட்டவர் அல்லர், பலவீனமானவர்." இந்த மூன்று வாக்கியத்தையும் நீயும் எழுதி மார்க் வாங்கியிருக்கிறாய். என்னை எந்த செக்‌ஷனில் சேர்ப்பது என்று நீ ரைட்டரிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. உன் பழைய விடைத்தாளைப் பார்த்தால் உபயோகமாக இருக்கும்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. எங்கள் பள்ளிக்கூடத்து நூல்நிலையத்தில் அந்த நாவல் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. முப்பத்தொன்பதில், நான் முதல் தடவை அதைப் பாடம் நடத்த எடுத்தபோதே அலமாரியில் கரையான் ஏறி, கடைசி இரண்டு அதிகாரத்தையும் தின்றுவிட்டிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு சரி. "மறுநாள் காலையில் ராட்வெல் தொப்பியை எடுத்துக்கொண்டு" என்பதோடு நிற்கும். எழுதிப் போட்டு வேறு பிரதி வாங்கலாம் என்றிருந்தபோது சண்டை வந்தது. கப்பல் இல்லை, காகிதம் இல்லை. போர்டும் புத்தகத்தை மாற்றவில்லை. வருஷா வருஷம் அதே ராட்வெல்.

தொப்பியை எடுத்துக்கொண்டவர் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? நான் அவரை வெளியூருக்கு அனுப்பி, ஒரு சின்ன வீட்டில் குடிவைத்து, இருபது வருஷம் தேனீ வளர்க்கவிட்டேன். ஒரு வசந்த காலத்தில், தேனீக்களின் ரீங்காரத்துக்கு நடுவே, நிம்மதியாகச் சாகவும் வைத்தேன். பையன்களுக்கு அந்தத் தேனீ ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் நோட்ஸ் கைப்பிரதியாகப் புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று போயிற்று. நோட்ஸ் இருக்கையில் புத்தகம் எதற்கு என்று மற்ற பள்ளிக்கூடத்து வாத்திமார்களும் நினைத்தார்கள். விடைத்தாள் திருத்த உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான். தேனீயை எழுதாத பையனுக்குத்தான் மார்க் குறைந்தது. யாருமே கடைசிவரை படிக்கவில்லை, துரைப்பாண்டி. ஒரு ஜில்லாவே ஒரு நாவலை நான் சொன்ன மாதிரி முடித்துக்கொண்டது.

கோமதிநாயகம் உனக்கு இரண்டு செட் இளையவன். அவன் எழுதிய ராட்வெல்லை நான் அடுத்த வருஷத்துப் பையன்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்துவிட்டு, போன ஜூனில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தான். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் பொய்யில்லை. அவனுக்கு 'பி' செக்‌ஷனை விட்டுக்கொடுத்தேன்.

மார்கழியில் ஒரு நாள் மத்தியானம், ஆசிரியர் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தான். பாளையங்கோட்டையில் பழைய புத்தகக் கடையில் கிடைத்ததாம். முழுப் பிரதி.

"சார், தேனீய எங்கன பிடிச்சீங்க?" என்றான். "நானும் ரெண்டு தரம் தேடிட்டேன். புத்தகத்துல ஒரு ஈ கூட இல்லையே."

நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

"அப்போ தொப்பிய எடுத்துக்கிட்டு எங்கலே போறாரு?"

"செத்துப்போனவனோட அம்மா வீட்டுக்கு சார். வாசல்ல நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிருதாரு. 'நான் தள்ளலைன்னு இத்தனை நாளும் சொல்லிக்கிட்டேன், அது பொய்'ங்காரு. கதையே அதுதான் சார். நாம அதை விட்டுட்டு மிச்சத்தை நடத்திக்கிட்டு இருந்திருக்கோம்."

"நாம" என்றான். நான் என்று சொல்லாமல் நாம என்றான். கவனித்தாயா? அவன் அப்படித்தான்.

"யாருட்டயும் மூச்சு விட மாட்டேன் சார்," என்றான். "மாசியில ஸ்பெஷல் கிளாஸ் வச்சு, ரெண்டு செக்‌ஷனையும் ஒண்ணா உக்காத்தி, கடைசி ரெண்டு அதிகாரத்தையும் நானே நடத்திருதேன். நேரமில்லாம சார் விட்டுட்டுப்போன பாகம்னு சொல்லிக்கிடுதேன். உங்க பேரு கெடாது."

அவன் என்னை மிரட்டியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். ஹெட்மாஸ்டரிடம் சொல்லியிருந்தால் ஒரு வாரம் தலை குனிந்து நடந்துவிட்டு, பிறகு நானே அதை வைத்து நாலு ஹாஸ்யம் சொல்லியிருப்பேன். கேலிக்கு நான் பயந்தவன் இல்லை. என்னை நானே கேலி செய்வதில் இந்த ஊரில் எனக்கு ஜோடி கிடையாது. ஆனால் அவன் பெரிய மனசு பண்ணினான். என் தப்பை ஒரு துணியில் முடிந்து, தன் மடியில் வைத்துக்கொண்டு, தினமும் என்னைப் பார்த்து "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். மாசி மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் அவனை நாய் கடித்தது. பள்ளிக்கூடத்து டிரில் மைதானத்தில், சாமான் கொட்டகைக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. குட்டி ஒன்று மைதானத்துக்குள் வந்துவிட்டது. பையன்கள் காலில் மிதிபடப் போகிறதே என்று அதைத் தூக்கினான். தாய் பாய்ந்து இடது மணிக்கட்டில் பல்லைப் பதித்துவிட்டது. பையன்கள் நாயை அடித்தே கொன்றுவிட்டார்கள். குட்டிகளுக்கு நான்தான் வீட்டிலிருந்து பால் கொண்டுபோய் விளக்குத்திரியில் நனைத்துக் கொடுத்தேன். நாலில் மூன்று செத்துப்போயிற்று. அன்றைக்கு நான் அழுதது பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். விசாரித்துக்கொள்ளலாம்.

டாக்டர் இரண்டு விதமாகவும் சொன்னார். குட்டி போட்ட நாய் சும்மாவே கடிக்கும். வெறி இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் திருநெல்வேலிக்குப் போய்த் தங்கி, வயிற்றில் பதினாலு ஊசி போட்டுக்கொள்வது நல்லது என்றார். கோமதிநாயகம் யோசித்தான். பரீட்சை வருகிறது, கிளாஸ் போய்விடுமே என்றான். கடைசியில் நாயின் தலையைப் பத்திரப்படுத்திக் குன்னூர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். வெறி இருந்தால் தந்தி வரும், வந்த அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன் என்றான். பகலெல்லாம் இருப்பது பள்ளிக்கூடத்தில்தானே என்று அந்த முகவரியையே கொடுத்தான்.

பள்ளிக்கூடத்துத் தபாலை வாங்குவது உதவித் தலைமையாசிரியர். அதாவது நான்.

ஒன்பதாம் நாள், இரண்டாம் பீரியடில், தந்திச் சேவகர் மைதீன் பாட்சா சைக்கிளில் வந்தார். நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன்.

"கோமதிநாயகம் சாருக்குத் தந்தி. கிளாஸ்ல இருக்காகளா?"

"குடும் வே, நான் குடுத்திருதேன்."

"பத்திரமா குடுத்திருங்க சார். குன்னூர்னு போட்டிருக்கு."

"எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியும் வே," என்றேன். சிரித்துக்கொண்டே ரசீதை நீட்டினார். நீ மேஜைமேல் வைத்திருக்கிற அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். அடியில் ஒரு சுழி போட்டிருக்கிறேன் பார். அவசரத்திலும் சுழியை விடுவதில்லை.

நாய்க்கு வெறி உறுதி. கடிபட்டவர் உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். சுருக்கமான, பிழையில்லாத இங்கிலீஷ். பக்கத்து அறையில் கோமதிநாயகம் பாடம் நடத்தும் சத்தம் கேட்டது. பதினைந்து அடி தூரம் இருக்கும். நான் ஆசிரியர் அறைக்குப் போனேன். அலமாரியிலிருந்து நம்முடைய பழைய ராட்வெல்லை எடுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு, கரையான் தின்ற இடத்தில், தந்தியை வைத்து மூடினேன். கிழிக்கவில்லை. எரிக்கவில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள். மத்தியானம் கொடுத்துவிடலாம் என்றுதான் வைத்தேன்.

மத்தியானம் அவன் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தான்.

"குன்னூர்லேர்ந்து ஏதும் வந்துச்சா சார்?"

"வரலையேலே."

"அப்போ ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்?"

"வெறி இருந்தா சும்மா இருப்பானாலே? பறந்துகிட்டுத் தந்தி அடிப்பான்."

அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஒருவனுக்கு ஆறுதல் சொன்ன நிம்மதிதான் அது, வேறொன்றுமில்லை.

நீ புத்திசாலி; இந்த இடத்தில் கேட்பாய். தந்தியைக் கொடுத்திருந்தால் அவன் பதினாலு நாள் திருநெல்வேலியில் கிடந்திருப்பான். அந்தப் பதினாலு நாளில் இரண்டு செக்‌ஷனையும் நான் பார்த்துக்கொண்டிருக்கலாம்; துணைப்பாடத்தை நானே முடித்துவிட்டால் ஸ்பெஷல் கிளாஸுக்கே அவசியம் இருந்திருக்காது. காரியம் அப்படியும் நடந்திருக்குமே என்பாய். நானும் அதை யோசித்தேன். ஆனால் பதினைந்தாம் நாள் அவன் திரும்பி வந்துவிடுவானே.

ஒரு வாரம் கழித்து அவனுக்கே சந்தேகம் வந்தது. குன்னூருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாமா சார் என்றான். நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லி, நல்ல கடிதமாக எழுதினேன். வாசித்துப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி ஒரு கடுதாசி எனக்கு ஆயுசுக்கும் எழுத வராது சார்," என்றான். பள்ளிக்கூடத்துத் தபாலோடு சேர்த்துவிடுகிறேன் என்றேன். அந்தக் கடிதமும் ராட்வெல்லுக்குள்ளேயே இருக்கிறது. தந்திக்கு அடுத்த பக்கத்தில். தந்தியை உறுதிப்படுத்தி அவர்கள் அனுப்பிய கவரும் அதற்கு அடுத்த பக்கத்தில். புத்தகம் இப்போது பழைய பருமனுக்கு வந்துவிட்டது.

மாசி பிறந்தது. சிவராத்திரிக்கு மறுநாள் காலை இடைவேளையில் எல்லாருக்கும் டீ வந்தது. கோமதிநாயகம் டம்ளரைக் கையில் எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோனான். கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் எடுத்தான். மறுபடியும் வைத்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னன்னு தெரியல சார். முழுங்க முடியல. மணிக்கட்டு வேற ரெண்டு நாளா மதமதன்னு இருக்கு."

"சாக்பீஸ் தூசி," என்றேன். "மிளகு தட்டிப்போட்டுக் கஷாயம் குடி."

இதற்குமேல் ஊசியால் பிரயோசனம் இல்லை என்பது எனக்குத் தெரியும், புத்தகத்தில் படித்திருக்கிறேன். அதனால்தான் அப்போதும் சொல்லவில்லை. பிரயோசனம் இல்லாததைச் சொல்லி ஒருவனைக் கலக்க வேண்டாம் என்ற அளவுக்கு எனக்கு இரக்கம் உண்டு.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். மின்விசிறிக் காற்று பட்டாலே உடம்பு துள்ளியது. அவன் மனைவி வள்ளித்தாய் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு செம்புத் தண்ணீர். அதை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தாகம் தாகம் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். செம்பைப் பார்த்தால் கத்தினான். நடுவில் தெளிவு வந்தபோது என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"சார், ஸ்பெஷல் கிளாஸ்..." என்றான்.

"நான் பாத்துக்கிடுதேன்," என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் போய்விட்டான். இருபத்துமூன்று வயது. அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் நான்தான் பேசினேன். அரை மணி நேரம். பையன்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். என்னுடைய பேச்சுக்களில் அது நல்ல பேச்சு.

மற்றது உனக்குத் தெரியும். குன்னூரிலிருந்து ஏன் பதிலே வரவில்லை என்று வள்ளித்தாய்க்கு ஆறவில்லை. இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் முதலில் வந்தாள். எழுதித் தருகிறேன் என்று இரண்டு நாள் இழுத்தேன். அவள் நேரே தபாலாபீசுக்குப் போய் மைதீன் பாட்சாவைக் கேட்டுவிட்டாள்.

நேற்றுக் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. நான் நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. ஒரு புத்தகத்தை நீட்டினாள்.

"இதுல கடைசி ரெண்டு பாகத்த ஒங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. எனக்கு இங்கிலீசு தெரியாது. நீங்களே வாசிச்சுக்கிடுங்க."

அங்கிருந்து நேரே உன்னிடம் வந்திருக்கிறாள். நீ இன்றைக்கு ஆள் அனுப்பினாய். நானாக வரவில்லை, அதையும் பதிந்துகொள்.

இரவு முடிவதற்குள் இரண்டு அதிகாரத்தையும் வாசித்துவிட்டேன். கோமதிநாயகம் சொன்னது சரிதான். ராட்வெல் தொப்பியை எடுத்துக்கொண்டு அந்தத் தாய் வீட்டுக்குத்தான் போகிறார். நாலு பக்கத்துக்கு நின்றுகொண்டே பேசுகிறார். யாரும் கூப்பிடாமல், யாரும் கேட்காமல். எனக்கு அது நம்பும்படியாக இல்லை. அதுவரை அப்படி ஒரு பாத்திரத்தை வளர்த்துவிட்டு, ஆசிரியர் கடைசியில் கை தவறிவிட்டார். நடையும் சுமார்தான்.

ஆகவே, நீ கேட்டதற்குப் பதில்: கோமதிநாயகத்துக்கு வந்த தந்தியைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். மறைத்தது நான். வரவில்லை என்று அவனிடம் சொன்னது நான். அவன் பிழைத்திருக்கக்கூடிய நாள் ஒவ்வொன்றிலும் அவன் வந்து கேட்டான். கேட்ட ஒவ்வொரு நாளும் இல்லை என்று சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அவன் சாவான் என்று தெரிந்தே. இதில் எனக்கு மறுப்பில்லை. கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நோட்ஸுக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதே. ஒரு நாவலுக்கும் நாலு பக்க நோட்ஸுக்கும் ஆளைக் கொல்லுகிற அளவுக்கு நான் அற்பன் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. ஹெட்மாஸ்டருக்குச் சொல்லி அனுப்பு: புதுப் புத்தகத்தை எடுத்து யாரும் பையன்களைக் குழப்ப வேண்டாம், என் நோட்ஸையே எழுதட்டும். தேனீயை விட்டுவிட வேண்டாம். அதற்குத் தனியாக இரண்டு மார்க் உண்டு.

இசக்கிப்பாண்டி, பி.ஏ., எல்.டி.